கொழுப்பைக் கரைக்குமா குக்குலு?

சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள். உட்கார்ந்த உத்தியோகம் என்றால் கொலஸ்டிரால் பயமும் கூடவே வரும். "மாத்திரை எதற்கு? குக்குலு போதுமே!" என்பார்கள் சிலர்.

போதுமா?

குக்குலு என்பது ராஜஸ்தான், குஜராத் பக்கம் வளரும் முள்செடியின் பிசின். அது முயல்களின் கொழுப்பைக் குறைப்பதை 1966-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்ற பெண்மணி கண்டறிந்தார். 1980-களில் இந்தியாவில் அது மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது.

கல்லீரல், கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கிறது. பித்த அமிலம் மிகுந்துவிட்டால், "போதும், நிறுத்து!" என்று உத்தரவு போட உயிரணுவின் கருவுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. அவன் பெயர் 'எப்.எக்ஸ்.ஆர்.' குக்குலு அவன் வாயை அடைக்கிறது என்று 2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

மறு ஆண்டே வந்தது அதிர்ச்சி! அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்டிரால் குறையவில்லை. சராசரியில் சற்று ஏறியிருந்தது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

உடம்பில் காவல்காரர்கள் பலர். ஒருவன் வாயை அடைத்தால் மட்டும் போதாது. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் பிசினை நம்புவது ஆபத்து.