குடி‘தான்’ காரணமா?

என் மாமா கீரிப்பாறையில் செத்தபோது கண் மஞ்சளாகி, வயிறு ஊதிப்போயிருந்தது. துட்டி கேட்க வந்தவர்களுக்கு யோசிக்க எதுவுமில்லை. “குடிச்சுக் குடிச்சே ஈரல அழிச்சுட்டான்.” முடிந்தது தீர்ப்பு. அத்தை மட்டும் பதினாறு கழிந்து என்னிடம் கேட்டாள்: “மருந்தடிச்சுட்டு வாற அன்னைக்கெல்லாம் அவியளுக்கு சோறு எறங்காதே மக்ளே, அத ஒருத்தரும் கேக்கலியே?”

மாமா குடித்தார். மறுக்கவில்லை. என் சண்டை ‘குடிதான்’ என்பதில் உள்ள அந்த ‘தான்’ மீது.

ஈரலின் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். உள்ளே கசிவதை இடைவிடாமல் இறைத்து வெளியே தள்ளவும், உள்ளறைகளில் பூட்டி வைக்கவும் செல்லில் பம்புகள் உண்டு. அவை புரதங்கள்; கந்தகம் கொண்ட பகுதிகள் கெட்டால் வேலை நின்றுபோகும். கார்பன் டெட்ராகுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலின் நொதி ஒன்று அதை உடைக்கும்போது பிறக்கும் துணுக்கு இந்தப் பம்புகளைத் தாக்குகிறது. கால்சியம் உள்ளே பெருகுகிறது. புரதத்தையும் சவ்வையும் அரிக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடைகிறது. செல் சாகிறது. கால்சியம் இதில் முதல் குற்றவாளியா, பாதியில் சேர்ந்தவனா என்று 1979 முதலே ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். பம்பு கெட்டால் செல்லுக்கு ஆபத்து என்பதில் வாதமில்லை.

இனிதான் விஷயம். கார்பன் டெட்ராகுளோரைடை உடைக்கும் அதே நொதியைத் தொடர்குடி பெருக்குகிறது. செல்லைக் காக்கும் குளுட்டாதயோனையும் குறைக்கிறது. அதாவது, குடிப்பவனின் ஈரலுக்கு அந்த ரசாயனம் இன்னும் கொடியது. குடிகாரன் என்று தெரிந்தால் அவன் கையில் என்ன மருந்து இருந்தது என்று இருமடங்கு கேட்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? குடிகாரன் என்றதும் கேட்பதையே நிறுத்திவிடுகிறோம்.

ரப்பரில் இலை உதிர்வு நோய்க்கு மழைக்கு முன் தாமிர மருந்து அடிப்பார்கள். பட்டை நோய்க்குத் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. போர்த்துகல் திராட்சைத் தோட்டங்களில் இதே கலவையைப் பல வருஷம் அடித்தவர்களின் ஈரலில் தாமிரம் படிந்த சிறு கட்டிகள் இருந்ததை 1975-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் ஈரலைத் திறந்து பார்த்தார்கள். நாம் மாமாவின் வாயை மோந்து பார்த்தோம்.

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-ல் ஒரு அத்தியாயமே சேர்த்தார்கள். பூச்சிமருந்தும் ரசாயனமும் கையாளுகிறவருக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு உடை, ஆளுக்கொரு உடல்நலப் பதிவேடு. மாமாவுக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்ததாக அத்தை கேள்விப்பட்டதே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘குடிப்பழக்கம் உண்டா’ என்பதற்கு ‘ஆம்’ இருந்தது. ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’.

நம் கதைகளும் யோக்கியமில்லை. குடித்துச் சாகும் தொழிலாளியை எவ்வளவு உருக்கமாக எழுதுகிறோம்! அவன் தோளில் தொங்கிய ஸ்பிரேயரில் என்ன இருந்தது என்று எழுதினோமா?

அடுத்த துட்டி வீட்டில் யாராவது ‘குடிதான்’ என்றால் அத்தையின் கேள்வியைக் கேளுங்கள். சீட்டில் ‘கூலி’ என்று எழுதுகிறவரிடம், “மருந்தடிக்கிற கூலி சார், அதையும் எழுதுங்க” என்று சொல்லுங்கள்.