ராஜாக்கள் வந்து சேரட்டும்

டிசம்பர் 26 விடிந்ததும் நம் நாட்டுப் பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் முடிந்துவிடுகிறது. மரத்தை இறக்கிவிட்டுச் சீனப் புத்தாண்டுக்கான சிவப்பு விளக்குகளை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். வியாபாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அவர்கள் பிழைப்பு. என் வருத்தமெல்லாம் நம்மவர் வீடுகளைப் பற்றியது. கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் புத்தாண்டுத் திருப்பலி முடிந்த கையோடு குடிலைக் கலைத்து, நட்சத்திர விளக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். விழா பாதி வழியில் நிற்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அதற்கு முன்னால் வருவது திருக்காட்சிப் பெருவிழா. வழக்கமான நாள் ஜனவரி 6. அன்று கடன் திருநாள் அல்லாத நாடுகளில் ஜனவரி 2க்கும் 8க்கும் இடையே வரும் ஞாயிறன்று கொண்டாடுவார்கள், மலேசியாவிலும் அப்படித்தான். ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகள் பரிசுக்காகக் காத்திருப்பது இந்த ராஜாக்களுக்காகத்தான். இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்த நாளின் பெயரே தெரிவதில்லை.

நம் பாட்டிமார் இதை 'மூணு ராசா திருநாள்' என்பார்கள். உண்மையில் மத்தேயு நற்செய்தியில் மூன்று என்ற எண்ணும் இல்லை, ராஜா என்ற சொல்லும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் வந்தவரும் மூவர் என்று பிற்காலத்தவர் கணக்கிட்டுக்கொண்டார்கள். பழைய தமிழ் வேதாகமம் அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்கிறது. இன்று கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'ஞானிகள்' என்கிறது. பொன்னோடும் வெள்ளைப்போளத்தோடும் வந்த மூன்றாம் காணிக்கை பழைய மொழிபெயர்ப்பில் 'தூபவர்க்கம்', புதியதில் 'சாம்பிராணி'. மலாய் வேதாகமத்தில் அது 'கெமென்யான்'. அந்த ஞானிகள் கொண்டுவந்தது அரேபியப் பக்கத்துக் குந்துருக்கம்; கெமென்யான் என்பதோ சுமத்திராவில் விளையும் வேறொரு மரத்தின் பிசின். மொழிபெயர்த்தவர்கள் தங்கள் வாசகர் மூக்குக்குப் பழகிய மணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் குறையாக எதுவும் படவில்லை.

இந்தச் சொற்களை நான் கற்றது பள்ளியில் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, வாரம் ஒருமுறையாவது வாய்விட்டுத் தமிழ் வாசிக்க எனக்குக் கிடைத்த இடம் கோயிலின் வாசக மேடைதான். என் வயதுக் கத்தோலிக்கத் தமிழர் பலர் இப்போது ஆங்கிலத் திருப்பலிக்குப் போகிறார்கள். தமிழ்ப் பூசை நீளம் என்கிறார்கள்; புரியவில்லை என்றும் சொல்கிறார்கள். கோலாலம்பூர் புடுவில் புனித அந்தோணியார் ஆலயமும் சிங்கப்பூர் ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயமும் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்தவை. தம் மொழியில் செபிக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கிறிஸ்துமஸ் இரவில் எந்த மொழியிலும் கூட்டம் சேரும். திருக்காட்சி ஞாயிறன்று தமிழ்த் திருப்பலியில் எத்தனை இளைஞர் என்று எண்ணிப் பார்த்தால் நம் நிலை தெரியும்.

எனவே என் யோசனை இது: திறந்த இல்ல உபசரிப்பைக் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து திருக்காட்சி ஞாயிறுக்கு மாற்றுவோம். டிசம்பர் 25 அன்று நண்பர்களில் பாதிப் பேர் விடுமுறைக்குப் போயிருப்பார்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தூங்காமல் அடுப்படியில் நிற்கும் அம்மாமார்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆனால் வசதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழந்தையைத் தேடி வந்த அந்த ஞானிகள் யூதர்கள் அல்லர். வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார், வானத்தைப் பார்த்து வழி கண்டவர்கள். மத்தேயு தொழுவம் என்று எழுதவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போனார்கள் என்றுதான் எழுதுகிறார். மாற்றுச் சமய நண்பர்களை வீட்டுக்கு அழைக்க இதைவிடப் பொருத்தமான நாள் நம் நாட்காட்டியில் எங்கே இருக்கிறது?

நம் மொழிக் கழக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளியும் பொங்கலும் மேடையேறும் கழகங்களில் கிறிஸ்தவத் தமிழரின் விழா ஒரு வாழ்த்து அட்டையோடு முடிந்துபோவது நியாயமா? யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதாக நான் நினைக்கவில்லை. நாங்களே வாய் திறந்து கேட்டதில்லை என்பதும் உண்மைதான்.

ஜனவரியில் யார் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள், அடுத்த வாரமே பொங்கல் வருகிறதே, கைக்காசு எங்கே என்று கேட்பவர் உண்டு. பெரிய செலவு தேவையில்லை. டப்பாவில் மிஞ்சிய அச்சு முறுக்கும், நாள்பட நாள்பட ருசி கூடும் பழக் கேக்கும், ஒரு பானைத் தேநீரும் போதும். குடிலை மட்டும் கலைக்காமல் வைத்திருங்கள். மூன்று ராஜாக்களையும் டிசம்பர் 24 அன்றே குழந்தைக்கு முன்னால் மண்டியிடவைக்க வேண்டாம். வரவேற்பறையின் மறுகோடியில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து புறப்படட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாளுக்கு ஒரு சாண் நகர்த்துவது அவர்கள் வேலை. ஒட்டகம் கீழே விழுந்து கால் உடைந்தால் பசை இருக்கிறது.