ஹீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கற பாயிண்ட்டைப் பாருங்க

டிசம்பர் வந்தா ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க தவறாம கேக்கற கேள்வி இது. "டாக்டர், அம்மா படுக்கற சின்ன ரூம் ஐஸ் மாதிரி இருக்கு. ஹீட்டர் வைக்கலாமா? ஆக்சிஜனை உறிஞ்சிடும்னு சொல்றாங்களே?"

வைக்கலாம். வயசானவங்க இருந்தா வைக்கணும்னே சொல்வேன். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். இதய நோய் உள்ளவங்களுக்கு அது கூடுதல் சுமை.

ஆக்சிஜன் விஷயத்துல பயப்பட வேண்டியது கரண்ட் ஹீட்டருக்கு இல்லை. அதுல எதுவும் எரியறதில்லை. எரியறது கதவைச் சாத்திட்டு உள்ளே வைக்கற கரிச்சட்டி. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினோட ஒட்டிக்கும். லேசா தலைவலி, குமட்டல், தூக்கம். அந்தத் தூக்கத்துல இருந்து சிலர் எழுந்திருக்கறதே இல்லை. புகை அடங்கின கங்குதானேன்னு நினைக்காதீங்க, அதுலயும் வரும்.

சரி, கரண்ட் ஹீட்டரே வாங்கிட்டீங்க. 2000 வாட்ஸ்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். பழைய வீட்டு ரூம்ல இருக்கறது சார்ஜர் மாட்டற 6 ஆம்ப்ஸ் பாயிண்ட். ஹீட்டரோட தடிச்ச பிளக் அதுல நுழையாது. நுழையாதது நல்லதுக்குத்தான்! நாம என்ன பண்றோம்? ஒரு கன்வெர்டர் வாங்கி மாட்டிடறோம், இல்லேன்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ராத்திரி முழுக்க வயர் சூடாகி உருகறது போர்வைக்குப் பக்கத்துல.

என் கருத்து இதுதான். ஹீட்டர்ல பெருசு தேடாதீங்க, அந்தக் காசை எலக்ட்ரீஷியனுக்குக் குடுங்க. மெயின் போர்டுல இருந்து தனி லைன், 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி. "1000 வாட்ஸ்லதான் வைப்போம் டாக்டர்"னு சொல்வீங்க. ராத்திரி 2 மணிக்குக் குளிர் தாங்காம யாராவது திருகைத் திருப்புவாங்க.

ஹீட்டர்ல எண்ணெய் நிரப்பின ரேடியேட்டர் வகை பரவாயில்லை, செக்கச்செவேல்னு எரியற கம்பி வெளியே தெரியாது. கட்டில், திரைச்சீலை எல்லாம் 3 அடி தள்ளி இருக்கட்டும். மலையில துணி காயாது, தெரியும். அதுக்காக ஹீட்டர் மேல போடாதீங்க. படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டு, ரூம் சூடானதும் அணைச்சுட்டு கம்பளிக்குள்ள போயிடறதுதான் என் சிபாரிசு.

வீட்ல சுகர் பேஷன்ட் இருந்தா இன்னொண்ணு. என்கிட்ட வந்த ஒரு பாட்டிக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஹீட்டர்கிட்ட காலை நீட்டி அப்படியே கண்ணயர்ந்துட்டாங்க. காலையில பாதம் முழுக்கக் கொப்புளம். "சுட்டா தெரிஞ்சிருக்குமே டாக்டர்"னு மகன் கேக்கறார். தெரியாதுங்க, அதுதான் அந்த நோயே. அந்தப் புண் ஆற மாசக்கணக்காச்சு. இவங்களுக்கு ஹீட்டரைக் கால் எட்டாத மூலையில வைங்க, காலுக்கு சாக்ஸ் போதும்.

இன்னைக்கு ராத்திரி ஹீட்டர் போட்டு அரை மணி நேரம் கழிச்சு, சுவிட்சை அணைச்சுட்டு, ஈரமில்லாத கையால பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா திரும்பப் போடாதீங்க. அம்மாவை இன்னைக்கு உங்க ரூம்ல படுக்க வைங்க, காலையில எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.