விலைச்சீட்டோடு ஓடும் குதிரைகள்

ஜெய்மி கோர்டனின் ‘லார்ட் ஆஃப் மிஸ்ரூல்’ 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்ற நாவல். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மூன்றாந்தரப் பந்தயத் திடல். நான்கு குதிரைகளோடு அங்கே வந்திறங்கும் ஒருவன், அவற்றின் உண்மையான வேகம் வெளியே தெரிவதற்குள் பணம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட எண்ணுகிறான். அந்த எண்ணம் ஏன் அத்தனை ஆபத்தானது என்பது முதல் வாசிப்பில் நமக்கு விளங்கவில்லை. ‘கிளெய்மிங்’ பந்தயத்தின் விதியைத் தேடிப் படித்த பிறகே நாவல் திறந்துகொண்டது.

விதி எளியது. ஓடப்போகும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. அந்த விலைக்கு அதை யாரும் வாங்கிக்கொள்ளலாம். உரிமம் இருந்து, திடலின் கணக்கில் பணமும் இருந்தால் போதும். உடையவனின் சம்மதம் தேவையில்லை. ஓட்டத்துக்கு முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். போட்டதைத் திரும்பப் பெற இயலாது. பலர் ஒரே குதிரையைக் கேட்டால் குலுக்கல். அன்றைய பரிசுப்பணம் பழையவருக்கு, குதிரை புதியவருக்கு. அதைத் திடலுக்கு நடத்தி வந்த லாயக்காரர் வெறும் கடிவாளத்தோடு திரும்புவார்.

இதில் உள்ள சூட்சுமம் வியப்புக்குரியது. நல்ல குதிரையை மலிவான பந்தயத்தில் இறக்கினால் பரிசு கிட்டும், குதிரை போய்விடும். சுமாரான குதிரைக்கு அதிக விலை சொன்னால் அது தன்னினும் வல்லவற்றோடு ஓடித் தோற்கும். பொய் சொல்பவன் தன் பொய்யாலேயே நட்டப்படுகிறான். தனியே ஒரு காவலன் வேண்டியதில்லை, விலையே காவல்.

இவ்விதியைப் புகழ்பவர்கள் சொல்லும் கதைகளும் சுவையானவை. 1943இல் ஹெர்ஷ் ஜேகப்ஸ் 1,500 டாலருக்கு எடுத்த ஸ்டைமி, ஓய்வு பெறுகையில் 9 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. 2021இல் 30,000 டாலருக்குக் கைமாறிய ரிச் ஸ்ட்ரைக், மறு ஆண்டே 80க்கு 1 என்ற நிலையில் கென்டக்கி டெர்பியை வென்றது.

நம்மை உறுத்துவது எதிர்த்திசையில் போகும் கதை. மேற்சொன்ன கணக்கு முழுவதும் குதிரை நலமாக இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கால் நொந்த குதிரையின் விலையைக் குறைத்து இறக்குபவன் முட்டாள் அல்லன், தூண்டில் போடுகிறான். வாங்குபவர் எட்ட நின்று பார்க்கலாமே தவிர, தம் மருத்துவரைக் கொண்டு தொட்டுச் சோதிக்க முடியாது. பழைய விதிப்படி, தொடக்க வாயில் திறந்த கணமே குதிரை அவருடையது. முதல் வளைவிலேயே கால் முறிந்து விழுந்தால் உடல் அவருக்கு, விலை விற்றவனுக்கு. மனிதர் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்கச் செய்த ஏற்பாடு, வாயில்லா உயிரை வதைப்பதற்கு ஊக்கத்தொகை கொடுத்தது.

நியூயார்க்கின் அக்வெடக்ட் திடலில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2011 அக்டோபரில் அங்கே சூதாட்டக்கூடம் திறக்கப்பட்டது. அதன் வருவாயில் பரிசுத்தொகைகள் வீங்கின. குதிரையின் விலையைக் காட்டிலும் அது ஓடும் பந்தயத்தின் பரிசு பெரிதானால், குதிரையை யார் பேணுவார்? 2011 நவம்பர் முடிவிலிருந்து 2012 மார்ச் வரையிலான பருவத்தில் அங்கே 21 குதிரைகள் மாண்டன. ஆளுநர் கேட்டு அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவும் விலைக்கும் பரிசுக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. ஓட்டத்தில் இறந்த குதிரையின் விற்பனை செல்லாது என்று அங்கே விதி மாறியது.

2022இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் கீழான விதிகள், பெரும்பாலான மாநிலங்களில் இதை விரிவாக்கின. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குதிரை நொண்டுவதாக அரசுசார் மருத்துவர் கண்டாலும் விற்பனை ரத்து. குதிரை பழைய உடைமையாளரிடமே திரும்பும். வாங்குபவன் கண்ணைத் திறந்து வாங்கட்டுமே, விதி ஏன் குறுக்கிடவேண்டும் என்போர் உண்டு. இரு வணிகருக்கு இடையே அது நியாயமான பேச்சு. விழுந்து கிடப்பது மூன்றாவது தரப்பு அல்லவா?

ஒரு மணி நேரம் போதுமா என்பது வேறு கேள்வி. மறுநாள் காலையில்தான் வலி வெளிப்பட்டது என்றால் அந்தக் குதிரை வாங்கியவருடையதே. அவரும் சில வாரங்களில், இன்னும் குறைந்த விலையில், வேறொரு திடலில் அதை இறக்கிவிடலாம்.