‘நோ டி.எஸ்.எஸ்.’ என்றால் ‘சைவம் மட்டும்’

இங்கிலாந்தில் வருமானம் போதாதவர்களுக்கு வாடகை கட்ட அரசு உதவித்தொகை தருகிறது. தனியார் வீட்டில் குடியிருந்தாலும் கிடைக்கும். முன்பு வீட்டு உதவித்தொகை என்று தனியாக வந்தது. இப்போது வேலை செய்யும் வயதினருக்குப் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட்டோடு சேர்ந்து வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உதவி வாங்குகிறவர் என்று தெரிந்தாலே பல வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். விளம்பரத்திலேயே ‘நோ டி.எஸ்.எஸ்.’ என்று போட்டார்கள். டி.எஸ்.எஸ். என்றால் சமூகப் பாதுகாப்புத் துறை. அந்தத் துறையை 2001இல் கலைத்துவிட்டார்கள். துறை போன பின்னும் அதன் பேரில் நடந்த விலக்கு மட்டும் சாகவில்லை. எந்தெந்த வழக்கங்களுக்கு அப்படி ஆயுள் கெட்டி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் சொன்ன காரணம், ‘வாடகை ஒழுங்காக வராது’. அந்தப் பயத்துக்குத் தீனி போட்டதே அரசுதான். ஒரு வட்டாரத்து வாடகைகளில் மலிவான 30 சதவீதத்துக்குள் உதவியின் உச்சவரம்பை 2011இல் இறக்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் அதையும் ஏற்றாமல் முடக்கி வைத்தார்கள். வாடகை ஏறிக்கொண்டே போனது. 35 வயதுக்குட்பட்ட தனி ஆள் என்றால் பெரும்பாலும் பகிர்ந்து தங்கும் அறைக்கான தொகைதான். மிச்சத்தை வயிற்றைக் கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

2020இல் யார்க் நகர நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மாற்றுத்திறனாளியான ஒரு தாய். பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். வாடகை பாக்கி வைக்காதவர். உதவி வாங்குகிறார் என்பதற்காகவே ஒரு முகவர் நிறுவனம் வீடு மறுத்தது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் வறுமை ஒரு பாதுகாக்கப்பட்ட அடையாளம் இல்லை. பாலினமும் உடற்குறையும் உண்டு. உதவி வாங்குகிறவர்களில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் அதிகம். ஆகவே எல்லோருக்கும் பொதுவானது போலத் தெரியும் இந்த விதி அவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது என்ற வாதம் வென்றது. அதன் பெயர் மறைமுகப் பாகுபாடு. வீட்டுக்காரர் மனதில் வெறுப்பு இருந்ததா என்று யாரும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் இப்படி மறுப்பதை நேரடியாகவே தடுக்கிறது. (இதே நாடுதான் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் வழிசெய்தும், 2018இல் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தது. அதையும் மறக்க வேண்டாம்.)

தோழர்களே, ‘சைவம் மட்டும்’ என்ற பலகையை இந்தக் கண்ணால் பாருங்கள். சாதி கேட்கவில்லை, சாப்பாடுதானே கேட்கிறோம் என்பார்கள். அந்தப் பலகை யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் நம் கேள்வி. மறைமுகப் பாகுபாட்டை நம் உச்ச நீதிமன்றமும் 2021இல், ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது அரசுக்கு எதிரான வழக்கு. அரசமைப்பின் 15(2) கடை, விடுதி, கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. தனியார் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும் சமத்துவச் சட்டம் ஒன்றை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கையில் எதுவும் இல்லாமலும் இல்லை. தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. தண்டனை ஒன்று முதல் ஆறு மாதச் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். சென்னையில் தரகர் வாங்கும் கமிஷனுக்கு முன்னால் அந்த அபராதம் காப்பிக் காசு. இருந்தாலும் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதியோடு எடுத்து வையுங்கள். தரகர் பேசியதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.