நூலகச் சாவி யார் வீட்டில்?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்குப் 10 காசு. ஊர்த்தெருவில் மாடி வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார், காலனியில் தொகுப்பு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிக்கப்படும் வரி இது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகத்துக்கென்று சட்டம் போட்ட மாகாணம் நம்முடையதுதான். அந்தப் பெருமையை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நூலக வார விழா மேடையில் கேட்கிறோம். வரி கட்டிய காலனிக்காரர் அந்த நூலகத்துக்குள் எத்தனை முறை உட்கார்ந்து படித்தார் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊராட்சியிலும் ஒரு நூலகம் உண்டு. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டினார்களே, அதே மாதிரிக் கட்டடம். பச்சை பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பெயர்ப் பலகை. கட்டிய இடம் கோயிலை ஒட்டிய ஊர்ப் பொது இடம். சாவி ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் வீட்டில். காலனிப் பையன் படிக்கப் போனால் முதலில் அந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். "அவர் வயலுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வா" என்பார்கள். சாயங்காலம் போனால் "விளக்கு எரியலை, நாளைக்கு வா". யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. நான்கு முறை வாசலில் நின்ற பையன் ஐந்தாம் முறை போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் கட்டடத்துக்குள் சிமென்ட் மூட்டை வந்தது. புத்தகங்களைக் கரையான் படித்தது.

மனு கொடுக்கப் போனோம். நூலகத் துறையில் கேட்டால், "அது எங்கள் நூலகம் இல்லை, ஊரக வளர்ச்சித் துறையுடையது" என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், கட்டடம் கட்டத்தான் நிதி வந்தது, ஆள் போட நிதி இல்லை என்றார்கள். உண்மையில் நம் கிராமங்களில் இரண்டு வகை நூலகம் இருக்கிறது. ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் பொது நூலக இயக்ககத்தின் கீழ் வருபவை. மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியவை ஊராட்சியின் கையில் இருப்பவை. வரியை நூலகத் துறையின் பெயரால் கட்டுகிறோம், பூட்டு ஊராட்சியின் பெயரால் தொங்குகிறது. 2021-க்குப் பிறகு இதே திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று சொல்லிக் கட்டடங்களைப் பழுது பார்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். நல்லதுதான். சாவி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பழுது பார்க்கவில்லை.

இந்த நேரத்தில் சென்னையில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010 செப்டம்பர் 15-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மறு வருஷமே ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2 அன்று, நூலகத்தை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். இரண்டே நாளில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதன் அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கு விட்டதும் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் நூலகம் நூலகமாகவே நின்றது. அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஒரு பெரிய நூலகத்தை மூட நினைத்தால் நாடே பேசுகிறது. கிராமத்து நூலகம் அறிவிப்பு எதுவும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. தடை கேட்டு யார் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

நூலகத்தை யார் நடத்துவது என்ற சண்டை மேலேயும் இருக்கிறது. பொது நூலக இயக்குநர் நாற்காலியில் நூலக அறிவியல் படித்தவர் உட்கார வேண்டும் என்று நூலகர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிக் கல்வித் துறை அதிகாரி ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதே வழக்கமாக இருந்திருக்கிறது. வசூலித்த நூலக வரியை உரிய காலத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைக்கின்றன, சென்னை மாநகராட்சியே வைத்திருக்கிறது. ஊர்ப்புற நூலகர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டு அலைகிறார்கள். இவையெல்லாம் நியாயமான பிரச்சினைகள். இவற்றைப் பேசும் சங்கங்களும் இருக்கின்றன. கட்டடத்தை எந்தத் தெருவில் கட்டுவது, சாவியை யாரிடம் கொடுப்பது, எந்த நேரத்தில் திறப்பது என்று கிராமத்தில் எடுக்கும் முடிவுகளைப் பேசத்தான் ஆள் இல்லை.

"நூலகத்தில் என்னய்யா சாதி? உள்ளே வராதே என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே சொல்லியாயிற்று. ராத்திரி ஏழு மணிக்கு ஊர்த்தெரு வழியாகப் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பக் காலனித் தாய் எத்தனை முறை யோசிப்பாள் என்பது கட்டடத்துக்கு இடம் குறித்தவர்களுக்குத் தெரியாதா? பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களில் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் சொல்கிறது. நூறு வருஷம் கழித்தும் ஒரு நாளிதழைப் புரட்ட நாம் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறோம்.

இதற்கு நம் இளைஞர்கள் கண்ட வழி படிப்பகம். பல காலனிகளில் அம்பேத்கர் படிப்பகம் என்று ஓர் ஓட்டுக் கொட்டகையாவது இருக்கும். கையில் இருக்கும் காசைப் போட்டுப் பேப்பர் வாங்கி, வேலைக்குப் போன அண்ணன்கள் விட்டுச் சென்ற டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்களை அடுக்கி, ராத்திரியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். புத்தகத்துக்காகவே பம்பாயில் ராஜகிருகம் கட்டிய தலைவரின் பெயரைச் சூட்டிக்கொள்ள முழுத் தகுதி உள்ள இடங்கள் அவை. ஆனால் படிப்பகம் இருக்கிறதே, பிறகு ஏன் நூலகம் கேட்கிறீர்கள் என்று ஊராட்சியில் சொல்லும்போதுதான் நமக்குக் கோபம் வருகிறது. நூலக வரியையும் வாங்கிக்கொண்டு, நூலகத்தையும் நாங்களே நடத்த வேண்டுமா?

காலனிக்குத் தனியாக ஒரு நூலகம் கட்டித் தந்துவிடலாம் என்று நல்ல மனதுடன் சிலர் சொல்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் அதை ஏற்கிறார்கள். நாம் ஏற்கவில்லை. காலனிச் சுடுகாடு, காலனி டேங்க் என்ற வரிசையில் காலனி நூலகம் என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஊராட்சிக்கே உரிய பொது நூலகத்தை. அதைக் காலனியில் கட்டுங்கள் என்கிறோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் நடந்து வரட்டும். இத்தனை வருஷம் நாம் அங்கே நடந்த தூரம்தான் அது. அவர்களும் நம் பையனும் ஒரே மேசையில் ஒரே மாதிரி வினாத்தாளைப் பிரித்துப் போடட்டும். சில ஊர்களில் எதிர்ப்பு வரும், தெரியும். அங்கே ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கட்டலாம். கோயில் பக்கம் மட்டும் வேண்டாம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மதுரையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போலப் பெரிய கட்டடமும் தேவையில்லை. அது மதுரைக்குப் பெருமை, இருக்கட்டும். கிராமத்துக்குத் தேவை, வேலை முடித்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் 5 மணி முதல் 9 மணி வரை எரியும் ஒரு விளக்கும், அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் ஓர் ஆளும்தான். அந்த ஆள் காலனியில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணாக இருந்தால் பெண் பிள்ளைகள் தயங்காமல் வருவார்கள். வாசகர் வட்டம் என்று ஒன்று நூலகத்துறை நூலகங்களில் இருக்கிறது. பல இடங்களில் ஊர்ப் பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்கிறது. அதில் மாணவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் கிராம சபை கூடும். வீட்டு வரி ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். நூலகம் எங்கே, சாவி யாரிடம், திறக்கும் நேரம் என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.