இறந்தவர் சார்பில் யார் பேசுவது?

2024 ஜூன் மாதம் கோடை விடுமுறையில் ஊரில் இருந்தேன். ஒரு நள்ளிரவில் என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி கண்டது. ஆஸ்பத்திரி வாசலில் இளம் டாக்டர் ஒருவர், கையில் காகிதத்தோடு, “ரத்தக் கொதிப்பு உண்டா? எத்தனை வருஷமாக?” என்று கேட்டார். பெரியம்மா பேசும் நிலையில் இல்லை. “உண்டு சார், ஒரு பத்து வருஷமாக இருக்கும்” என்று சொன்னவன் நான்தான்.

ஒன்பதாம் நாள் பெரியப்பா காலமானார். நகைகளை அடகு வைத்துப் பில்லைக் கட்டி உடலை வாங்கி வந்தோம். 2016-லிருந்து ஓர் ஆண்டுகூடத் தவறாமல் பிரீமியம் கட்டிவந்த மனிதர் அவர். காரியம் முடிந்த பிறகு பெரியம்மா பில்களை இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார். ஒன்றரை மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார். ஆகவே பணம் கிடையாது என்று அதில் இருந்தது. அதற்கு ஆதாரம் எது? நான் நள்ளிரவில் சொன்ன அந்த ‘பத்து வருஷம்’!

பெரியம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “போகட்டும்ப்பா, போன மனுஷன் போயாச்சு, இனிமேல் யாரோடு வழக்காடுவது?” என்றார். அந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. நம் வீடுகளில் துக்கமும் கூச்சமும் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. செத்தவர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பதா என்று எண்ணுகிறோம். நான் கேட்கிறேன்: அது யாருடைய பணம்? எட்டு ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்துக்கு ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்ட வாக்குறுதி அல்லவா? அதைக் கேட்பது பிச்சையா?

மறுப்புக் கடிதம் என்பது தீர்ப்பு அல்ல. அது வழக்கின் ஒரு தரப்பார் தெரிவிக்கும் அபிப்பிராயம் மட்டுமே. இதை நாம் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு மருத்துவப் பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் நடந்துவிட்டால், நோயைத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். முன்பு இந்தக் காலம் 8 ஆண்டுகளாக இருந்தது. தொகையைப் பின்னால் உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்த நாளிலிருந்து கணக்கு. கம்பெனிக்குள் உள்ள பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் தள்ளக்கூடாது. சிகிச்சையில் இருப்பவர் இறந்துவிட்டால், கோரிக்கையை உடனே கவனித்து, உடல் தாமதமின்றி வீட்டாரிடம் சேரும்படி செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நகையை அடகு வைத்தபோது இவற்றில் ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது.

உண்மையில் பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு கண்டது 2018-ல். எங்கள் தெரு டாக்டர் முதன்முதலில் மாத்திரை எழுதிய சீட்டு, பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருந்தது. அதன் நகலையும், டாக்டரிடம் வாங்கிய சான்றையும் இணைத்து, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள், பரிசீலனைக் குழு பார்த்ததா என்றும் கேட்டோம். பழைய பல்லவியையே பாடிப் பதில் வந்தது. அதன்பின் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனுக்கு மனுச் செய்தோம்.

இந்த ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். இறந்தவரின் வாரிசோ நியமனதாரரோ மனுச் செய்யலாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் போகலாம். ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரை ஈடு தர உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. நமக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

விசாரணையில் பெரியம்மா தமிழிலேயே பேசினார். “அன்று ராத்திரி இந்தப் பிள்ளை பயத்தில் ஏதோ சொன்னான், டாக்டர் சீட்டைப் பாருங்கள்” என்றார். அவ்வளவுதான். பணம் தரும்படி உத்தரவாயிற்று. கையுறை, பஞ்சு போன்ற சில்லறை இனங்களைக் கழித்துக்கொண்டு மீதி வந்தது. நகை திரும்பியது.

கம்பெனிகள் எல்லாம் கொடியவை என்று சொல்ல நான் வரவில்லை. பொய்க் கோரிக்கைகளைத் தடுப்பது அவர்கள் கடமை. அந்தப் பொது நிதியில் இருப்பது நம் பணமும்தான். நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. ஏஜெண்ட் நீட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். நோய் உண்டா என்ற கேள்விக்கெல்லாம் அவரே ‘இல்லை’ என்று நிரப்புகிறார், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ள நோயை மறைப்பவருக்காக நான் வாதாடவில்லை. ஆனால் சந்தேகத்தை நிரூபிக்கும் பொறுப்பு சந்தேகப்படுகிறவருடையது. அதை விதவையின் தலையில் சுமத்துவது நியாயம் அல்ல.

நண்பர்களே, ஊரை விட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்து நாம் படிக்கிறோம். குடும்பத்தில் அந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் நாம் ஒருவர்தான். அப்படியானால் பதில் எழுதும் கடமையும் நம்முடையதே. அடுத்த விடுமுறையில் பெட்டியைத் திறந்து வீட்டுப் பாலிசியை வெளியே எடுங்கள். எடுத்த தேதி என்ன, நியமனதாரர் யார், அப்பாவின் சர்க்கரையும் அம்மாவின் ரத்தக் கொதிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பதை நான் அறிவேன்.